அக்காவுக்கும் தம்பிக்கும் நடுவில்

என் கணவர் லிசியாத்தேவுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது என்று தெரிந்த அன்று, அவர் என்னிடம் முதலில் கேட்டது, "இது அக்காவுக்குத் தெரியணுமா?" என்பதைத்தான்.

அதற்கு முன் டாக்டரிடம் வேறொன்று கேட்டிருந்தார். அவர் தீவுகளுக்கிடையே ஓடும் கப்பலில் இன்ஜின் பார்ப்பவர். நாற்பத்தேழு வயது. இருபது வருடமாகச் சர்க்கரை உண்டு. மாத்திரையை ஞாபகம் வந்தால் போடுவார், இல்லாவிட்டால் இல்லை. இரண்டு மாதமாகக் கால் வீங்கி, சாப்பிட்டதெல்லாம் வாந்தியாகிக்கொண்டிருந்தது. எங்கள் லிஃபூக்கா தீவின் நர்ஸ் கலோ ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, தலைநகருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தாள்.

அங்கே டாக்டர் ஹவேயா, என் வயதுப் பெண், காகிதத்தைப் பார்த்தபடியே சொன்னாள்: "நூத்துக்கு எட்டு பங்குதான் வேலை செய்யுது."

"சரி, அந்த டயாலிசிஸ் மெஷின்ல போட்டு ரத்தத்தைச் சுத்தம் பண்ணுங்க. டிவியில பாத்திருக்கேன்."

"மெஷின் இல்ல லிசியாத்தே."

"ரிப்பேரா? நான் வேணா பாக்கட்டுமா?"

அவர் வேடிக்கைக்குக் கேட்கவில்லை. கையைத் தொடையில் துடைத்துக்கொண்டு எழுந்திருக்கவே பார்த்தார். டாக்டர் அப்போதுதான் நிமிர்ந்தாள்.

"இங்க மட்டும் இல்ல, இந்த நாட்டுலயே இல்ல. வாங்கவும் முடியாது. வாங்கினாலும் வாரம் மூணு தடவை, சாகற வரைக்கும் ஓட்டணும். அதுக்குத் தண்ணி, கரண்டு, நர்ஸு... ஒரு பத்து பேருக்கு ஓட்டினா, மத்த எல்லாரோட மருந்தும் அதுக்கே போயிடும். நானும் வருஷா வருஷம் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."

ஆக்லாந்தில் என் சித்தி மகள் இருக்கிறாள். அவளிடம் போய்த் தங்கிக்கொண்டு மெஷினில் ஏறிவிடலாம் என்று நினைத்தோம். விசா கேட்டபோது மருத்துவச் சான்று கேட்டார்கள். சான்று கொடுத்தோம். விசா இல்லை என்றார்கள்.

மிச்சம் இருந்த ஒரே வழி, வேறொருவர் சிறுநீரகத்தை எடுத்து அவருக்கு வைப்பது. "இந்தியாவுல சென்னைன்னு ஒரு ஊர்," என்றாள் டாக்டர் ஹவேயா. "ஃபிஜியிலேருந்து சில பேர் அங்க போய் மாத்திக்கிட்டு வந்திருக்காங்க. ஆனா குடுக்கிற ஆளையும் கூடவே கூட்டிட்டுப் போகணும். சொந்த ரத்தமா இருக்கணும். இல்ல, பொண்டாட்டியா இருக்கணும்."

ஆக்லாந்திலும் சிட்னியிலும் இருக்கும் எங்கள் சபைக்காரர்கள், ஆள் கிடைத்தால் செலவை நாங்கள் ஏற்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள். அதில் கவலையில்லை. ஆள்தான் வேண்டும். நான் அன்றே கையை நீட்டினேன். என் ரத்தம் பி. அவருடையது ஓ. ஓ-வுக்கு ஓ மட்டும்தான் சேருமாம். அவருடைய தம்பிக்குச் சர்க்கரையில் ஒரு கால் போய்விட்டது. எங்கள் மகள் ஃபூசிக்குப் பதினான்கு வயது. அவருடைய அப்பா அம்மா உயிரோடு இல்லை.

இருந்தது அக்கா பிசிலா மட்டும்.

பிசிலா அண்ணியிடம் கேட்பது என்றால் என்ன என்பதை எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அக்காவும் தம்பியும் வயதுக்கு வந்த பிறகு ஒரே அறையில் உட்கார மாட்டார்கள். அக்கா வந்தால் தம்பி எழுந்து வெளியே போய்விடுவார். உடம்பைப் பற்றி, நோயைப் பற்றி ஒருவர் முன் ஒருவர் வாய் திறக்க மாட்டார்கள். அக்கா பெரியவள். அவள் கேட்டதைத் தம்பி கொடுக்க வேண்டும், கேட்காமல் எடுத்தாலும் சிரிக்க வேண்டும். ஒருமுறை அண்ணி எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்துவிட்டு, "இது நல்லா இருக்கே," என்றார். அவ்வளவுதான். லிசியாத்தே அதைத் தானே வண்டியில் ஏற்றி, பக்கத்துக் கிராமத்தில் அவர் வீட்டுச் சமையலறை வரை கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார். அதற்குப் பிறகு ஒரு வாரம் நான் அவரோடு பேசவில்லை.

"அண்ணிகிட்ட நான் ஒரு வார்த்தை..." என்று ஆரம்பித்தேன்.

"லோசா," என்றார் அவர். "அவங்க எங்கிட்டேருந்து எடுத்துக்கலாம். நான் அவங்ககிட்டேருந்து எடுக்க முடியாது. அதுவும் உடம்பையா? சீ! இத மட்டும் நீ அவங்ககிட்ட கொண்டுபோன, நான் செத்த பிறகும் உன்கூட பேச மாட்டேன்."

"செத்த பிறகு எல்லாரும் அப்படித்தான்," என்றேன். அவர் சிரித்தார். சிரித்ததில் வாந்தி வந்துவிட்டது.

தலைநகரில் ஒரு சாப்பாட்டுப் பட்டியல் கொடுத்தனுப்பியிருந்தார்கள். தேங்காய் கூடாது, வாழைப்பழம் கூடாது, டப்பா மாட்டுக்கறி கூடாது, உப்பு கூடாது. சேப்பங்கிழங்கை இரண்டு தடவை வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். தண்ணீர் நாளுக்கு ஒரு லிட்டருக்கு மேல் கூடாது. லிசியாத்தே அதை இரண்டு முறை படித்தார். "இந்தத் தீவுல நான் திங்கக்கூடியது பைபிள் ஒண்ணுதான் போலிருக்கு," என்றார்.

நாங்கள் தலைநகரிலிருந்து திரும்பி மூன்று வாரம் ஆகியிருக்கும். ஒரு காலை பிசிலா அண்ணி வந்தார். எப்போதும் போலச் சமையலறைப் பின்வாசலில் நின்று, முன்கதவு சாத்துகிற சத்தம் கேட்கும் வரை காத்திருந்தார். அன்று அதற்கு நேரமாயிற்று. லிசியாத்தே சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வோர் அடியாக நடந்து, ஈரப்பலா மரத்தடிக்குப் போய்ச் சேர வேண்டியிருந்தது. கதவு சாத்தியதும் அண்ணி உள்ளே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். கனத்த உடம்பு, உரத்த குரல். சபையின் பெண்கள் கூட்டத்தில் அவர் பேச ஆரம்பித்தால் போதகரே உட்கார்ந்துவிடுவார்.

"கலோகிட்ட ரத்தம் குடுத்திருந்தேன். முடிவு வந்துடுச்சு."

"எதுக்கு அண்ணி?"

"எதுக்கா? போன ஞாயித்துக்கிழமை போதகர் ஜெபத்துல அவன் பேரைச் சொல்லி அழறாரு. சபை மொத்தமும் என்னைத் திரும்பிப் பாக்குது. என் தம்பி சாகக் கெடக்கறான்னு நான் போதகர் வாயால கேக்கணுமா?"

"அவர்தான் சொல்லக் கூடாதுன்னாரு."

"அவன் சொல்லுவான். நீ கேப்பியா? மரமண்டை." பையிலிருந்து ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்து மேசையில் அறைந்தார். "ஓ. என் ரத்தம் ஓ. ஏன் மூஞ்சி அப்படிப் போவுது? இந்த வீட்டுக்கு நான் ஒண்ணும் கொண்டு வந்ததில்லைன்னுதானே பாக்கற? இப்ப கொண்டு வந்திருக்கேன்."

நான் மரத்தடிக்கு ஓடினேன். கேட்டதும் லிசியாத்தே தலையை ஆட்டினார். வேண்டாம், வேண்டாம் என்று கையையும் ஆட்டினார். நான் திரும்பிச் சமையலறைக்குப் போய்ச் சொன்னேன்.

"அவன்கிட்ட நான் குடுக்கட்டுமான்னு கேக்கல," என்றார் அண்ணி. "அவன் எடுத்துக்கணும்னு சொல்றேன். அக்கா சொல்றான்னு போய்ச் சொல்லு."

அதற்கு மேல் அவரால் மறுக்க முடியாது. இதையும் அண்ணி ஃப்ரிட்ஜைக் கேட்ட மாதிரிதான் கேட்டிருந்தார். லிசியாத்தே கடல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. பிறகு, "அங்க ரெண்டு பேரையும் பக்கத்துப் பக்கத்துக் கட்டில்ல போட்டுடுவாங்களா?" என்றார்.

"தெரியல."

"நடுவுல திரை போடச் சொல்லணும். நல்ல கெட்டியான திரை."

அந்தப் பதினைந்து நாள் எங்கள் வீட்டில் வெளிச்சமாக இருந்தது. கடவுச்சீட்டுக்குப் போட்டோ எடுத்தோம். அண்ணி ஒரு சிவப்புப் பெட்டி வாங்கினார். முழுப் பரிசோதனைக்கு நானும் அண்ணியும் கப்பல் ஏறியபோது வழியெல்லாம் சென்னையைப் பற்றித்தான் பேச்சு.

"அங்க நம்ம ஊர விட வெயிலாம்டி."

"ஆமாம், டாக்டர் சொன்னாங்க."

"கடல் இருக்கா?"

"இருக்காம்."

"அப்ப சரி. கடல் இருக்கிற ஊர்ல மனுஷங்க ஓரளவுக்கு ஒழுங்கா இருப்பாங்க."

மூன்று நாள் ரத்தம், சிறுநீர், படம் என்று எடுத்தார்கள். நான்காம் நாள் டாக்டர் ஹவேயா எங்கள் இருவரையும் உள்ளே கூப்பிட்டு, கதவைச் சாத்தினாள்.

"பிசிலா அம்மா, உங்களுக்குச் சர்க்கரை இருக்கு. ரொம்ப நாளாவே இருந்திருக்கு. உங்க கிட்னியும் பாதிதான் வேலை செய்யுது."

அண்ணி கொஞ்சமும் அசையவில்லை. "பாதி போதும். அந்தப் பாதிய அவனுக்கு வெச்சுடு."

"அப்படி முடியாதும்மா. எடுத்தா உங்களுக்கு ஒண்ணுமே மிஞ்சாது."

"எனக்கு மிஞ்சுமான்னு உன்கிட்ட நான் கேட்டேனா?"

"எந்த ஊர் டாக்டரும் எடுக்க மாட்டாங்க. சென்னையிலயும் எடுக்க மாட்டாங்க. நான் எழுதி அனுப்பினா இதப் பாத்துட்டு அவங்களே திருப்பிடுவாங்க."

"அப்ப எழுதாத. இதக் கிழிச்சுப் போட்டுட்டு நல்லா இருக்குன்னு எழுது. உன் அம்மா எனக்குத் தெரிஞ்சவதான். நான் சொன்னேன்னு எழுது."

டாக்டர் ஹவேயா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள். அவள் கண் நிறைந்திருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் அண்ணி பேச்சை நிறுத்தினார்.

வெளியே டாக்ஸி நிற்கிற இடத்தில் ஒரு பெஞ்சு. அதில் இருவரும் உட்கார்ந்தோம். பக்கத்தில் ஒருத்தி தர்பூசணி விற்றுக்கொண்டிருந்தாள். அண்ணி தன் வயிற்றுப் பக்கவாட்டில் கையை வைத்து அழுத்திப் பார்த்தார்.

"ஒரு வலி கூட இல்லையேடி. ஒண்ணுமே தெரியலையே."

அவருக்காக அழுவதா, என் கணவருக்காக அழுவதா என்றே எனக்குப் பிடிபடவில்லை. உண்மையைச் சொன்னால், அந்த நிமிடம் எனக்கு அவர் மேல் கோபம்தான் வந்தது. வைத்துக்கொண்டிருக்க வேண்டியதைக் கெடுத்துக்கொண்டுவிட்டாரே என்று. அந்தக் கோபத்தை இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

"அவன்கிட்ட சொல்லாத," என்றார் அண்ணி.

"என்ன சொல்றது அப்ப?"

"சென்னையிலேருந்து தேதி வரலன்னு சொல்லு. எனக்கும் இப்படின்னு தெரிஞ்சா, தன் சாவ விட்டுட்டு என் சாவுக்கு அழுவான். எனக்கு அவனத் தெரியும். சத்தியம் பண்ணு."

பண்ணினேன்.

வீட்டுக்கு வந்ததும் லிசியாத்தே என் முகத்தைப் பார்த்தார். "எல்லாம் நல்லா இருக்காம். தேதிதான் வரணும்," என்றேன். அவர் கண்ணை மூடி, "தேவனுக்கு ஸ்தோத்திரம்," என்றார். நான் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறவள். பொய் சொல்கிற பிள்ளைகளை மூலையில் நிற்க வைக்கிறவள்.

அதன் பிறகு நோய் வேகமாக முற்றியது. உடம்பெல்லாம் அரிப்பு, ஃபூசி தன் மரச் சீப்பால் அவர் முதுகைச் சொறிந்துகொண்டே வீட்டுப்பாடம் படிப்பாள். நாக்கில் இரும்பு ருசி என்பார். மூச்சில் மூத்திர நாற்றம் வந்தது. தாகம்தான் எல்லாவற்றையும் விட மோசம். நாள் முழுக்கக் கடலைப் பார்த்துக்கொண்டு ஐஸ்கட்டி ஒன்றை வாயில் அடக்கிக்கொண்டிருப்பார். கலோ தினமும் வந்து ரத்த அழுத்தம் பார்ப்பாள், எண்ணை எழுதுவாள், போவாள். எழுதுவதைத் தவிர அவளாலும் ஒன்றும் முடியவில்லை.

சனிக்கிழமைகளில் கப்பல்காரர்கள் வருவார்கள். வேரை இடித்துக் கரைக்கிற காவா பானத்தைக் குடிக்க அவருக்கு அனுமதியில்லை. அவர்கள் குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு சனிக்கிழமை அவர்களில் ஒருவர், துவாக்கோய் என்று பெயர், வாய் ஓயாத ஆள், சிரித்துக்கொண்டே சொன்னார்: "உன் அக்காவுக்கு என்னப்பா ஆச்சு? போதகர் வீட்டு விருந்துல கேக் தொடல. டப்பா கறி வேணாம்னுட்டாங்க. தேங்காப்பால் ஊத்தினதயும் தள்ளி வெச்சிட்டாங்க. வெறும் மீனைத் தின்னுட்டு எழுந்து போறாங்க. இந்த வயசுல மாப்பிள்ளை கீப்பிள்ளை பாக்கறாங்களோ?"

எல்லோரும் சிரித்தார்கள். தம்பி முன்னால் அக்காவை வைத்து இப்படிப் பேசுவது தப்பு. வேறு நாளாக இருந்தால் லிசியாத்தே எழுந்து போயிருப்பார். அன்று உட்கார்ந்தே இருந்தார்.

அவர்கள் போன பிறகு என்னைக் கூப்பிட்டார். "அது எனக்குக் குடுத்த பட்டியல். தேங்கா, டப்பா கறி, இனிப்பு. அக்காவுக்கும் இருக்கு, இல்ல?"

நான் கோப்பைகளை எடுத்துக்கொண்டிருந்தேன்.

"நீ சொல்லாத. சத்தியம் வாங்கியிருப்பாங்க. உன் மூஞ்சியே சொல்லுது." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிக்கொண்டார். "எப்ப தெரிஞ்சுது? அந்தக் கப்பல்ல போனப்பவா?"

தலையாட்டினேன்.

"பாவம்," என்றார். "பெட்டியெல்லாம் வாங்கினாங்களே."

பிறகு என் மணிக்கட்டைப் பிடித்தார். "எனக்குத் தெரியும்னு அவங்களுக்குத் தெரிய வேணாம், லோசா. தன்னால முடியலன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னா, அவங்களால தலை நிமிந்து நடக்க முடியாது. நான் தேதிக்குக் காத்துக்கிட்டு இருக்கேன்னே இருக்கட்டும்."

அன்றிலிருந்து அண்ணி பின்வாசலுக்கு வந்த நாளெல்லாம், எழுந்து வெளியே போக முடியாத லிசியாத்தே, படுக்கையறைக் கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு உள்ளேயிருந்து உரக்கக் கேட்பார்: "லோசா! சென்னையிலேருந்து போன் வந்துச்சா?"

சமையலறையில் அண்ணி என் கையைக் கிள்ளி, குரலை அடக்கிச் சொல்வார்: "வரும்னு சொல்லு. இந்த வாரம் வரும்னு சொல்லு."

"இந்த வாரம் வந்துடுமாம்!" என்று நான் கத்துவேன்.

"நல்லது! அக்கா பெட்டிய எடுத்து வெச்சிட்டாங்களான்னு கேளு!"

"வெச்சிட்டேன்னு சொல்லு," என்பார் அண்ணி, வாயைக் கையால் பொத்திக்கொண்டு.

இருவருக்கும் நடுவே அந்தக் கதவு. நான் சமையலறைக்கும் அறைக்கும் நடந்துகொண்டே இருந்தேன். ஒருவரிடமாவது சொல்லிவிடலாமா என்று எத்தனையோ முறை வாய் வரை வந்தது. சொன்னால் யாருக்கு என்ன கிடைக்கும்? இருவரிடமும் மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான்.

கடைசி வாரம் அவருக்கு நினைவு தப்பித் தப்பி வந்தது. விக்கல் நிற்கவேயில்லை. கலோ ஊசி போட்டுவிட்டு, "இனி வலி இல்லாம பாத்துக்கறதுதான்," என்றாள். புதன்கிழமை மத்தியானம் அண்ணி பின்வாசலில் வந்து நின்றார். உள்ளே மூச்சு இழுக்கும் சத்தம் அங்கே வரை கேட்டது. ஒரு நிமிடம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, என்னைத் தாண்டி, நேராகப் படுக்கையறைக் கதவைத் திறந்து உள்ளே போய்விட்டார்.

முப்பத்தைந்து வருடத்தில் அவர்கள் இருவரும் ஒரே அறையில் இருந்ததில்லை.

அண்ணி முழங்காலிட்டு, "தம்பி," என்றார்.

லிசியாத்தே கண்ணைத் திறந்தார். யாரென்று தெரிந்ததா என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் உடம்புக்குத் தெரிந்திருந்தது. இரண்டு நாளாகக் கையைக்கூடத் தூக்க முடியாதவர், முழங்கையை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தார். ஒரு காலைக் கட்டிலுக்குக் கீழே இறக்கிவிட்டார். அக்கா வந்துவிட்டாள், வெளியே போக வேண்டும். நான் பிடித்து அழுத்தினேன். என்னைத் தள்ளினார். எங்கிருந்து அந்த பலம் வந்ததோ.

"படுடா, படுத்துக்கோ," என்றார் அண்ணி. அவர் சொல்லச் சொல்ல இவர் இன்னும் எழுந்திருக்கத் தவித்தார்.

அண்ணி எழுந்து பின்பக்கமாகவே நடந்து வெளியே போனார். கதவைத் தானே சாத்தினார். சாத்திய சத்தம் கேட்டதும் லிசியாத்தேவின் உடம்பு தளர்ந்து தலையணையில் சரிந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் அண்ணி தரையில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு பக்கமும் நான் ஒருத்திதான்.

மறுநாள் பதினொரு மணிக்கு லிசியாத்தே போய்விட்டார்.

அவருக்கு அத்தைமார் யாரும் உயிரோடு இல்லாததால், சாவு வீட்டில் பெரிய இடம் அக்காவுடையது. வந்தவர்கள் மரியாதைக்குக் கொண்டுவந்த பாய்களும் துணிகளும் அவர் முன்னால் குவிந்தன. அவற்றை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அடக்கம் முடிந்த பிறகு, முறைப்படி என் தலைமுடியை வெட்டவும் அவர்தான் வந்தார். என்னை ஒரு ஸ்டூலில் உட்கார வைத்து, பின்னால் நின்று, இடுப்பு வரை இருந்த பின்னலைக் கையில் பிடித்தார். கத்தரிக்கோல் மொண்ணை. கொஞ்சம் கொஞ்சமாக அறுக்க வேண்டியிருந்தது.

பாதியில் நிறுத்தினார்.

"லோசா. கடைசி வரைக்கும் அவனுக்குத் தெரியாதுல்ல?"

அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. அவராலும் என் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அது நல்லதாயிற்று.

"தெரியாது அண்ணி. கடைசி வரைக்கும் தேதிக்குத்தான் காத்துக்கிட்டு இருந்தாரு."

"அது போதும்," என்று சொல்லி மீண்டும் வெட்ட ஆரம்பித்தார்.

பிசிலா அண்ணி அதற்குப் பிறகு மூன்று வருடம் நான்கு மாதம் இருந்தார். ஆக்லாந்தில் பழத்தோட்டத்தில் வேலை செய்யும் அவர் மகன் தன்னுடையதைக் கொடுக்கிறேன் என்று போனில் அழுதான். அவர் அவனைப் பரிசோதனைக்கே போகக் கூடாது என்று சொல்லிவிட்டார். அவன் ரத்தத்தில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள அவருக்குத் தைரியமில்லை. கடைசி இரண்டு மாதம் நான்தான் கூட இருந்து கிழங்கை இரண்டு தடவை வேகவைத்துக் கொடுத்தேன். அவரும் தண்ணீர்தான் கேட்டார். நானும் அளந்துதான் கொடுத்தேன். ஒரு நாள் அளவை மீறி இரண்டாவது கோப்பையையும் கொடுத்தேன். அவர் என்னைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் முழுவதையும் குடித்தார்.